பாட்டில் பாண்டியன் விழட்டும், அடுப்பு பற்றும்

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரம் நடத்தியவள் நான், நாகர்கோவில்காரி. ஓய்வுபெற்று, மகளோடு திருவனந்தபுரத்தில் குடியேறிய பிறகுதான் கண்ணகி கதையைப் பாட்டாகக் கேட்டேன். அதுவும் பத்து நாள் பாட்டு.

கும்ப மாதக் கார்த்திகையில் ஆற்றுகால் பகவதிக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கோயில் முன்னால் பச்சை ஓலைப் பந்தல். அதில் ஆசானும் கூட்டாளிகளும் குழித்தாளத்தோடு உட்கார்ந்து தோற்றம்பாட்டைத் தொடங்குகிறார்கள். கொடுங்கல்லூரிலிருந்து தேவியைப் பாடியே அழைத்துவந்து குடியிருத்திவிட்டு, அப்புறம்தான் கதை. வயலின், மிருதங்கம் எதுவும் கிடையாது, தாளமும் தொண்டையும்தான். கச்சேரி கேட்ட காதுக்கு அந்த ஒரே மெட்டு சலிக்கும். பொய் சொல்வானேன், முதல் நாள் நான் தூங்கிவிட்டேன்.

ஏழாம் நாள் தூங்கவில்லை. கோவலன் கொலைப்படும் பகுதி அன்றைக்கு. துக்கம் என்பதால் காலையில் கோயில் நடையையே தாமதமாகத்தான் திறக்கிறார்கள். நான் வகுப்பில் கொலைக்களக் காதையை நடத்திவிட்டு மணியடித்ததும் டீ குடிக்கப் போயிருக்கிறேன்!

வஞ்சிக்கப்பட்ட பெண்ணைப் பாடாத நாடு உண்டா? போஸ்னியா பக்கத்தில், தவறே செய்யாமல் கணவனால் விரட்டப்பட்டு நெஞ்சு வெடித்துச் சாகும் ஹசனாகினிட்சாவைப் பாடினார்கள். 1774-இல் இத்தாலியரான ஆல்பெர்த்தோ ஃபோர்த்திஸ் அதை அச்சேற்ற, கதே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அவள் அழுது மாய்ந்தாள். ஆற்றுகாலில் பாடப்படுகிறவள் மாயவில்லை.

ஒன்பதாம் நாள் பொங்காலை, பெண்கள் தெருவில் அடுப்பு மூட்டிப் பகவதிக்குப் பொங்கலிடும் நாள். 2009-இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் கணக்கு. நான் கிழக்கேகோட்டை நடைபாதையில் மூன்று செங்கல் வைத்து, புதுப் பானையோடு உட்கார்ந்திருந்தேன். ஓலைப் பந்தலில் பாண்டியன் வதம் பாடி முடிய வேண்டும். அதற்குப் பிறகே தந்திரி கருவறை விளக்கிலிருந்து தீ எடுத்து மேல்சாந்தியிடம் கொடுப்பார். கோயிலின் தலைமை அடுப்பான பண்டார அடுப்பு பற்றும். அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு தீ கைமாறி வரும். அதுவரை இந்த நகரமே பச்சரிசியும் வெல்லமுமாகக் காத்திருக்கிறது, ஒரு பாட்டுக்காக. இளங்கோவுக்குக்கூட இப்படியொரு சபை வாய்த்திருக்காது.

பக்கத்து அடுப்புச் சேச்சி கேட்டார்: "டீச்சரே, உங்க புஸ்தகத்திலயும் ராஜாவோட தலையை வெட்டறாளா?"

"இல்லை சேச்சி. தன் தப்பு தெரிஞ்சதும் சிங்காசனத்திலேயே விழுந்து, தானா உயிரை விட்டுடறான்."

"தானாவா?" சேச்சிக்குப் பிடிக்கவே இல்லை. "அப்போ இவ சிலம்பைத் தூக்கிட்டு அத்தனை தூரம் போனது எதுக்கு?"

ஊழ்வினை, அரசியல் பிழைத்தோர், அறம் என்று பரீட்சை விடை ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் செண்டை முழங்கிவிட்டது. குரவைச் சத்தம் தெருத் தெருவாக நெருங்கி வந்தது. சேச்சி அடுப்பில் தீ பிடித்ததும் காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பை நீட்டினேன்.