முழுங்கிய புகையை எங்கே துப்புகிறது உங்கள் அடுப்பு?

'அடுப்பு வாங்குவதற்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. இருமல், மூக்கடைப்பு, கண் எரிச்சல் என்று என்னிடம் வரும் பெண்களில் பலருக்கு நோயின் வேர் அடுப்பங்கரையில்தான் இருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் நெஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன்.

46 வயது இல்லத்தரசி ஒருவர் கணவரோடு வந்தார். எட்டு மாதமாக வறட்டு இருமல். எக்ஸ்-ரே, சளிப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு எதுவும் இல்லை. நாடி பார்த்து, தாளிசாதி சூரணமும் ஆடாதோடை மணப்பாகும் கொடுத்தேன். "கொஞ்சம் தேவலை டாக்டர், ஆனா முழுசா நிக்கலை" என்றார். மூன்றாம் முறை வந்தபோது, போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னார்.

"ஊருக்குப் போய் அம்மா வீட்டில் ரெண்டு வாரம் இருந்தேன் டாக்டர். ஒரு தடவைகூட இருமலை. சென்னைக்குத் திரும்பின ரெண்டாம் நாளே ஆரம்பிச்சிடுச்சு."

"அங்கே யாரும்மா சமைச்சது?"

"நான்தான். அம்மாவுக்கு முட்டி வலியாச்சே."

அதே கை, அதே கடுகு, அதே மிளகாய். அங்கே இல்லாத இருமல் இங்கே ஏன் வர வேண்டும்? வீட்டைப் பற்றிக் கேட்டேன். அம்மா வீட்டில் பழைய ஓட்டு வீட்டு அடுப்பங்கரை. சாதாரண கேஸ் அடுப்பு. கொல்லைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். சென்னை ஃப்ளாட்டிலோ, போன வருடம்தான் சுவரை இடித்து ஹாலையும் கிச்சனையும் ஒன்றாக்கியிருக்கிறார்கள். நடுவில் மேடை. அதில் புகையை உறிஞ்சும் விசிறி உள்ளேயே பொருத்திய நவீன மின் அடுப்பு. ஏ.ஸி.க்காக ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறார்கள்.

கணவர் குறுக்கிட்டார்: "லட்சத்துக்கு மேல கொட்டி வாங்கினது டாக்டர். புகையை அதுவே முழுங்கிடும்னு கடையில சொன்னாங்க."

"முழுங்குது, சரி. முழுங்கினதை எங்கே துப்புது?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசகர்களே, இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான். அடுப்பின் கண்ணாடிப் பளபளப்பையும், எத்தனை பர்னர் என்பதையும் அப்புறம் பார்க்கலாம். புகை எந்த வழியாக வீட்டைவிட்டு வெளியே போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

சமையல் புகையில் என்ன இருக்கிறது?

'நாங்க என்ன விறகா எரிக்கிறோம்?' என்பீர்கள். விறகுப் புகைதான் மிகக் கெடுதல்; அதில் சந்தேகமில்லை. ஆனால் கேஸோ கரன்ட்டோ, எண்ணெய் காய்ந்தால் நெடி வரத்தான் செய்யும். எண்ணெய் அளவுக்கு மீறிக் காயும்போது எழும் 'அக்ரோலின்' என்ற வாயுதான் அந்தக் கமறலுக்கு முக்கியக் காரணம். மிளகாய் வறுக்கும்போது காரச் சத்தின் நுண்துகள்கள் காற்றில் கலந்து தொண்டை நரம்புகளைச் சீண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2010-ல் வெளியிட்ட தொகுப்பில், மிக அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. ஒரு நாள் அப்பளம் பொரித்ததற்குப் பயப்பட வேண்டாம். மூடிய அறையில் தினம் தினம், வருடக் கணக்கில் சுவாசிப்பதுதான் கவலைக்குரியது.

கேஸ் அடுப்பு என்றால் கூடுதலாக நைட்ரஜன் டை ஆக்ஸைடும், சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடும் சேரும். இன்னொரு கணக்கும் கேளுங்கள். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். 14.2 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக உங்கள் வீட்டுக் காற்றில் கலந்திருக்கும்! சாம்பாரிலிருந்தும் சாதத்திலிருந்தும் வரும் ஆவி இதில் சேரவில்லை. வெளியே போக வழியில்லாத இந்த ஈரம்தான் சுவரில் பூஞ்சையாகிறது. கப உடம்புக்காரர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் பூஞ்சை பெரும் எதிரி.

கீழே இழுக்கும் அடுப்பு எப்படி வேலை செய்கிறது?

இது நேற்று வந்த மோஸ்தர் அல்ல. 1960-களிலேயே அமெரிக்காவில் ஜென்-ஏர் நிறுவனம் இந்த வகை அடுப்புகளை விற்றது. 2007-ல் ஜெர்மனியில் தொடங்கிய போரா நிறுவனம் இதற்கு ஐரோப்பாவில் பெரிய சந்தையை உண்டாக்கியது. நம் ஊரில் 'ஓப்பன் கிச்சன்' ஆசையோடு சேர்ந்து வந்திருக்கிறது. தலைக்கு மேல் சிம்னி இடிக்காது, ஹாலில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே சமைக்கலாம், பார்க்க அழகு.

அடுப்பின் நடுவில் ஒரு துவாரம். அதன் அடியில், அலமாரிக்குள் விசிறி மோட்டார். பாத்திரத்திலிருந்து கிளம்பும் புகையைப் பக்கவாட்டில் இழுத்து, கீழே கொண்டு போகும். துவாரத்தில் உள்ள வடிகட்டி எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும். இதுவரை எல்லா மாடலும் ஒன்றுதான். இதற்குப் பிறகுதான் இரண்டு வழி பிரிகிறது.

ஒன்று, குழாய் வழியாகப் புகையை வெளிச்சுவருக்கு அப்பால் தள்ளுவது. மற்றொன்று, கரி வடிகட்டியில் செலுத்தி, அதே காற்றை மறுபடி வீட்டுக்குள்ளேயே விடுவது. கரி, வாசனையை ஓரளவு பிடிக்கும். ஈரத்தைப் பிடிக்காது, கார்பன் மோனாக்ஸைடைப் பிடிக்கவே பிடிக்காது. குறிப்பிட்ட மணி நேரம் ஓடிய பிறகு அந்தக் கரியும் செத்துவிடும், மாற்றியாக வேண்டும். அந்த அம்மாள் வீட்டில் இருந்தது இந்த இரண்டாவது ரகம். ஒரு வருடமாகக் கரி மாற்றவே இல்லை. 'அப்படி ஒண்ணு இருக்குதா?' என்று என்னிடமே கேட்டார்கள்!

என் ஆலோசனை இதுதான்: நம் சமையலுக்கு வெளியே தள்ளும் ரகம்தான் சரி. கேஸ் அடுப்பு என்றால் வேறு பேச்சே வேண்டாம்.

நம் பாத்திரங்களுக்கு ஒத்து வருமா?

ஆவியின் குணம் மேலே ஏறுவது. அதைக் கீழே இழுப்பது ஆற்று நீரை எதிர்த்து நீந்துகிற மாதிரி. தோசைக்கல், சின்ன வாணலி போன்ற தாழ்ந்த பாத்திரங்களில் இந்த அடுப்பு நன்றாகவே இழுக்கும். இட்லிப் பானை, பெரிய குக்கர், பண்டிகை நாள் அண்டா? அவற்றின் வாய் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ஆவியில் பெரும்பகுதி துவாரத்தை எட்டிப் பார்க்காமலே மேலே போய்விடும். உயரமான பாத்திரத்துக்குத் தட்டை மூடி, துவாரத்தின் பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்து வைத்தால் ஓரளவு பலன் உண்டு.

அடுத்தது, பொங்கி வழிதல். பொங்கி வழிவது நமக்கு மங்களம். இந்த அடுப்புக்கு வேதனை! பாலோ சாதக் கஞ்சியோ வழிந்தால் நேரே துவாரத்துக்குள்தான் போகும். வழிந்ததைத் தேக்கும் தட்டு இருக்கிறதா, எத்தனை லிட்டர் கொள்ளும், சுலபமாகக் கழற்றிக் கழுவ முடியுமா என்று கேளுங்கள்.

இந்த ரகத்தில் பெரும்பாலானவை இண்டக்ஷன் அடுப்புகளே. கேஸ் சுடரை விசிறி பக்கவாட்டில் இழுத்து அலைக்கழிக்கும் என்பது ஒரு காரணம். இண்டக்ஷனில் காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டும்தான் சூடாகும். அலுமினியம், பித்தளை, ஈயச் சொம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. கஷாயத்தை மண்சட்டியில் காய்ச்சச் சொல்லும் எனக்கு இது பெரிய குறை! கரன்ட் போனால் சமையலும் போச்சு. ஆகவே பால்கனியிலோ சர்வீஸ் ஏரியாவிலோ ஒற்றை கேஸ் அடுப்பு ஒன்று இருக்கட்டும். மிளகாய் வறுப்பது, வடகம் பொரிப்பது எல்லாம் அங்கேயே முடியும்.

வீட்டில் யாருக்காவது இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால், இண்டக்ஷன் வாங்குமுன் இதய டாக்டரைக் கேட்டுவிடுங்கள். ஓடும் அடுப்பிலிருந்து அவர்கள் 2 அடி தள்ளி நிற்பது நல்லது.

சின்னக் கணக்கு ஒன்று

விசிறியின் சக்தியை 'மணிக்கு இத்தனை கன மீட்டர்' என்று குறிப்பிடுவார்கள். அறைக் காற்றை மணிக்கு 10 முதல் 15 தடவை மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அடுப்பங்கரை 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர். மணிக்கு 230 முதல் 340 வரை போதும். தாளிப்புக்கும் பொரியலுக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சுவரை இடித்து, 20-க்கு 12 அடி ஹாலையும் சேர்த்துவிட்டால்? மொத்தம் 3,200 கன அடி, சுமார் 90 கன மீட்டர். குறைந்தபட்சமே 900 வேண்டும்! சுவரோடு சேர்ந்து உங்கள் பாதுகாப்பிலும் பாதி போய்விடுகிறது என்பது இதுதான். தவிர, குழாய் நீளமாகி, வளைவுகள் கூடக் கூட, காகிதத்தில் போட்ட சக்தி உண்மையில் கிடைக்காது.

கடையில் கேட்க வேண்டியவை

* புகை வெளியே போகிறதா, உள்ளேயே சுற்றுகிறதா? வெளியே என்றால், வீட்டைப் பார்த்துக் குழாய் போகும் வழியை ஆள் அனுப்பிக் குறித்துத் தருவார்களா?

* குழாய் எத்தனை அங்குலம்? 6 அங்குலம் இருப்பது நல்லது. அதன் வாய், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தோ, பொதுக் காற்றுக்கூண்டுக்குள்ளோ இருக்கக் கூடாது. பீம், தூணில் துளை போடவே கூடாது.

* எத்தனை கிலோவாட்? நான்கு அடுப்பும் சேர்ந்து 7 கிலோவாட்டைத் தாண்டும் மாடல்கள் உண்டு. தனி லைன் இழுக்க முடியுமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டபின் முன்பணம் கொடுங்கள்.

* சத்தம் எப்படி? நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று பேசிப் பாருங்கள். சத்தம் பொறுக்காமல் அணைத்துவிடும் விசிறியால் யாருக்கும் பயனில்லை.

* வடிகட்டியை வீட்டிலேயே கழுவ முடியுமா? மாற்று வடிகட்டி என்ன விலை?

* முக்கியமாக, உங்கள் இட்லிப் பானையைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவி எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

சுவரோரம் அடுப்பு வைக்க இடமிருந்தால், மேலே பொருத்தும் சிம்னியே நம் சமையலுக்குப் பொருத்தம், செலவும் குறைவு. நடு மேடையைத் தவிர வழியில்லை, சமையலும் மிதமானது என்றால், வெளியே தள்ளும் இந்த அடுப்பைத் தாராளமாக வாங்கலாம்.

வாங்கியபின் மறக்கக் கூடாதவை

சமைப்பதற்கு 5 நிமிடம் முன்பே விசிறியைப் போடுங்கள். முடிந்தபின் 10 நிமிடம் ஓடட்டும். ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். உள்ளே காற்று வந்தால்தான் வெளியே புகை போகும். சந்தேகமா? ஊதுபத்தி ஒன்றை ஏற்றிப் பாத்திரத்தின் வாயருகே பிடியுங்கள். புகை துவாரத்துக்குப் போகாமல் உங்கள் முகத்துக்கு வந்தால் எங்கோ தடை இருக்கிறது.

எண்ணெயைப் புகையும்வரை காயவிடாதீர்கள். ஒரு கடுகைப் போட்டு, வெடித்தால் அது போதும். ஒருமுறை பொரித்த எண்ணெய் சீக்கிரமே புகையும் என்பதால் மறுபடி பொரிக்க எடுக்காதீர்கள்.

கேஸ் வாசனை வந்தால், 'விசிறியைப் போட்டு வெளியேற்றுவோம்' என்று நினைக்கவே கூடாது! சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். மோட்டாரின் சின்னப் பொறி போதும். எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

தொண்டைக் கமறலுக்கு அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது வேண்டாம். ஆடாதோடை நல்ல மருந்துதான், ஆனால் கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு, அடுப்பைக் குறை சொல்லிக்கொண்டிராமல் முதலில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அந்த அம்மாள் என்ன ஆனார் என்கிறீர்களா? அலமாரிக்கு அடியில் குழாய் ஓட்டி, பால்கனிச் சுவரில் துளை போட்டார்கள். மிளகாய் வறுவலும் பால்கனிக்குப் போனது. ஒரு மண்டலம் மருந்து தொடர்ந்தது. அடுத்த முறை வந்தபோது அரை மணி நேரம் பேசினார். ஒரு தடவைகூட இருமவில்லை. கணவர்தான் கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார்: "அந்தத் துளையை முதல்லயே போட்டிருக்கலாம் டாக்டர்."

அதைத்தான் நானும் உங்களுக்குச் சொல்கிறேன். அடுப்பை அப்புறம் பாருங்கள். துளைக்கு இடத்தை முதலில் பாருங்கள்.