உஷார்! ‘ஹெச்சிவி ரியாக்டிவ்’ ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள்

ஆபரேஷனுக்கு முன்னால், ரத்ததானத்தில், வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் என்று எங்காவது ஓரிடத்தில் ‘ஹெச்சிவி ரியாக்டிவ்’ என்ற வரி வந்து விழுகிறது. உடம்புக்கு ஒன்றும் தெரியாததால் பலர் அந்தத் தாளை ஃபைலில் சொருகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஹெச்சிவி என்கிற ஹெபடைடிஸ் சி வைரஸ் 20, 30 வருடம் சத்தமே இல்லாமல் ஈரலை அரிக்கும். மஞ்சள் காமாலை பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் எல்எஃப்டி சோதனைகூட நார்மலாக இருக்கலாம். தெரியவரும்போது பலருக்கு ஈரல் சுருங்கியிருக்கும், சிலருக்குப் புற்றுநோயே வந்திருக்கும்.

முதலில் செய்யும் அந்தச் சோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. தொற்றியவர்களில் 100-க்குச் சுமார் 30 பேருக்கு வைரஸ் ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். ஆன்டிபாடியோ அதற்குப் பிறகும் பல வருடம் ரத்தத்தில் நிற்கும். ஆகவே, ‘ரியாக்டிவ்’ வந்தால் அடுத்து ஆர்என்ஏ பிசிஆர் எடுத்தே ஆக வேண்டும். வைரஸ் இப்போது இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். சிகிச்சை முடிந்து குணமானவர்களும் இதைக் கவனியுங்கள்: மறுபடி தொற்ற வாய்ப்பு உண்டு, அதை ஆன்டிபாடி சோதனை காட்டாது.

‘நெகட்டிவ்’ என்றாலும் உடனே நிம்மதி அடைய முடியாது. வைரஸ் நுழைந்து ஆன்டிபாடி தென்பட 2, 3 மாதம் ஆகலாம். ஆர்என்ஏ ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் தவறிக் குத்திவிட்ட நர்ஸ் மறுநாளே சோதித்து ‘ஒன்றுமில்லை’ என்று இருந்துவிடக் கூடாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஆன்டிபாடியே சரியாக உருவாகாமல் போகலாம். இவர்கள் பிசிஆர் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஈறில் தடவிப் பார்க்கும் சுயபரிசோதனைக் கிட்டுக்கு 2024-ல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதுவும் ஆன்டிபாடியைத்தான் பார்க்கிறது, முடிவு சொல்ல ரத்தம்தான் வேண்டும். எச்சிலில் சோதிப்பதால் எச்சிலில் பரவும் என்று பயந்து வீட்டில் யாரையும் ஒதுக்காதீர்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதால் இது தொற்றாது. ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் ஆபத்து: பிறர் பயன்படுத்திய ஊசி, சவர பிளேடு, பச்சை குத்தும் ஊசி. தானமாக வரும் ரத்தத்தில் ஹெச்சிவி சோதனை நம் நாட்டில் கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறையாவது சோதித்துக்கொள்ளுங்கள்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. மாத்திரை உண்டு. பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், சோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசம். கீழாநெல்லியை அரைத்துக் குடித்தபடி மாதங்களைக் கடத்தாதீர்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், பிசிஆர் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள்.