பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடுதா? வெளிய வர்ற செலவை முதல்ல பாருங்க

எண்ணூர்ல நீங்க விட்டுட்டு வந்த கம்பெனி. அதே மேனேஜர் போன் போட்டு, "வந்துடுப்பா, 6,000 ஏத்தித் தரேன், 3 வருஷ பாண்ட்"ங்கிறார். கையெழுத்துக்கு முன்னாடி ஒரு ஃபுட்பால் கதை.

நம்ம சென்னையின் எஃப்.சி.யை 2019-20 சீசன்ல ஐ.எஸ்.எல். ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனவர் ஓவன் கோய்ல். 2023-ல திரும்ப வந்தார். முதல் சீசன் பிளே-ஆஃப், அடுத்தது 11-வது இடம். 2025-ல பிரிஞ்சாச்சு. செல்சி கதை இன்னும் காஸ்ட்லி. 2013-ல பழைய கோச் மொரின்யோவைக் கூட்டிட்டு வந்தாங்க. 2015-ல பட்டம் ஜெயிச்ச குஷியில ஆகஸ்ட்ல புதுசா 4 வருஷ ஒப்பந்தம். டிசம்பர்லயே அனுப்பிட்டாங்க! அவருக்கும் உதவியாளர்களுக்கும் கொடுத்த நஷ்டஈடு 80 லட்சம் பவுண்டுக்கு மேல.

அங்க பாதியில முறிச்சா கிளப் பணம் கட்டுது. உங்க பாண்ட்ல கட்டப்போறது நீங்க.

"கோர்ட்ல நிக்காது"னு டீக்கடையில சொல்வாங்க, நம்பாதீங்க. 3 வருஷத்துக்கு முன்னாடி விலகினா 2 லட்சம்னு ஒரு அரசு வங்கி போட்ட பாண்டை, 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொல்லிடுச்சு. ஆனா பாண்ட்ல எந்தத் தொகை எழுதினாலும் அப்படியே கிடைச்சுடாது. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி, அதுக்குள்ள நியாயமான இழப்பீடுதான்.

கணக்குப் போடுங்க: பாண்ட் 1.5 லட்சம்னா, அந்த 6,000 ஏத்தத்துல 25 மாசம் அதுக்கே சரி. அப்புறம் ஹெச்.ஆர்.கிட்ட மெயில்ல கேளுங்க: "கம்பெனியே என்னை அனுப்பினா பாண்ட் உண்டா?"