காரின் பின்னால் ஒரு பலகை

மாலை நெரிசல். பங்சார் ஜாலான் மாரோப்பில் கூரை திறந்த விளையாட்டுக் கார் ஒன்று ஊர்கிறது. அதன் பின்புறம் புதிதாகப் பொருத்திய ஸ்பாய்லர். அதற்கு என்ன வேலை, மாணவர்களே?

கார் விரையும்போது, வளைந்து சரியும் பின்பகுதியைக் காற்று ஒட்டியபடி வேகமாகக் கடக்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. பின்பகுதி மேலே இழுக்கப்படுகிறது. டயர்களின் பிடி தளர்கிறது. ஸ்பாய்லர் காற்றோட்டத்தைக் குலைத்து இந்தத் தூக்குவிசையைக் குறைக்கிறது.

1998-இல் விற்பனைக்கு வந்த ‘ஆவுடி டிடி’ காரில் ஸ்பாய்லர் இல்லை. ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலைகளில் விபத்துகள் நேர்ந்தன; உயிர்களும் பறிபோயின. பிறகு, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து நிறுவனமே சிறிய ஸ்பாய்லரைப் பொருத்தியது.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 30 கிலோமீட்டரில் 1 பங்கு என்றால், 90-இல் 9 பங்கு. எனவே நெரிசலில் ஸ்பாய்லர் வெறும் அலங்காரம்தான்.

ஆனால் நெடுஞ்சாலையில் அந்த 9 பங்கையும் ஸ்பாய்லரைப் பிடித்திருக்கும் திருகாணிகளே தாங்க வேண்டும். அரைகுறையாக ஒட்டிய ஸ்பாய்லர் கழன்றால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் கதி என்ன? கூரை மடங்கும் காரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: துளையிடும் முன், கூரை தடையின்றித் திறந்து மூடுகிறதா?

அழகுக்காகப் பொருத்தினாலும் அறிவியலைக் கேட்டுப் பொருத்துங்கள்.