பசுமைக்குடில் தொழில்: குடில் போடும் முன் வாங்குபவரைத் தேடுங்கள்

வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்களின் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி, "கையில் இருக்கும் சேமிப்பை வைத்து என்ன தொழில் செய்வது?" என்பதுதான். கடை வைக்கலாம் என்பார் ஒருவர், ஆட்டுப்பண்ணை என்பார் மற்றொருவர். இப்போது, "பாலிஹவுஸ் போடுங்கள், பாதிச் செலவை அரசே தருகிறது, வருடம் முழுவதும் விளைச்சல்" என்ற ஆலோசனையும் சேர்ந்துகொண்டது.

பசுமைக்குடில் நல்ல தொழில்தான். ஆனால் இதில் இறங்கும் பலர் முதலில் குடிலைக் கட்டுகிறார்கள், பிறகு பயிரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், விளைந்த பிறகு வாங்குபவரைத் தேடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். வாங்குபவர் யார் என்பதே முதல் கேள்வி. அவருக்கு என்ன வேண்டும் என்பது பயிரை முடிவு செய்யும். அந்தப் பயிர் எந்தக் குடில் என்பதை முடிவு செய்யும்.

எந்தக் குடில் எங்கே பொருந்தும்?

பாலிஹவுஸ் என்பது இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலிதீன் தாள் போர்த்திய குடில். நீலகிரி, ஓசூர் போன்ற குளிர்ந்த பகுதிகளில் கார்னேஷன், ஜெர்பரா, ரோஜா, குடமிளகாய் ஆகியவை இதில் நன்றாக வருகின்றன. சமவெளியில் நிலைமை வேறு. காற்றோட்டத்தை மட்டும் நம்பிய பாலிஹவுஸின் உட்புறம், பகலில் வெளி வெப்பத்தைவிடக் குறையாது. மே மாதத்தில் வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே அதற்கும் மேல் இருக்கும். விசிறியும் ஈரத் திரையும் வைத்துக் குளிர்விக்கலாம். ஆனால் மின்கட்டணம் லாபத்தைத் தின்றுவிடும். பாலிதீன் தாளும் சில ஆண்டுகளில் மங்கிவிடும், அப்போது மாற்ற வேண்டும். அந்தச் செலவை முதல் நாளிலிருந்தே ஒதுக்கி வர வேண்டும்.

சமவெளியில் சிறிய முதலீட்டுக்கு ஏற்றது நிழல்வலைக்குடில். 50 சதவீத நிழல்வலையை மேலே போட்டு, பக்கங்களில் பூச்சி புகாத நெருக்கமான வலை கட்டினால் போதும். வெயிலின் கடுமை குறையும். இலைச் சுருட்டு நோயைப் பரப்பும் வெள்ளை ஈயும் உள்ளே வராது.

நாற்றங்காலில் தொடங்குங்கள்

அந்தக் குடிலுக்குள் காய்கறியே வளர்ப்பதைவிட, விவசாயிகளுக்குக் காய்கறி நாற்று வளர்த்துக் கொடுப்பது புதியவருக்குப் பாதுகாப்பான தொடக்கம். தக்காளி நாற்று ஏறக்குறைய 25 நாளில் தயாராகும், கத்தரிக்கு 30 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். பணம் நீண்ட காலம் முடங்காது. தவறு நடந்தாலும் அடுத்த மாதமே திருத்திக்கொள்ளலாம்.

வேலையும் வீட்டிலுள்ளோர் சேர்ந்து செய்யக்கூடியதே. 98 குழிகள் கொண்ட தட்டில் மக்க வைத்த தென்னை நார்க்கழிவை நிரப்ப வேண்டும். ஒரு தட்டுக்குச் சுமார் 1.2 கிலோ பிடிக்கும். குழிக்கு ஒரு விதை இட்டு, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் தாளால் மூடி வைக்க வேண்டும். சில நாட்களில் முளை தெரிந்ததும் குடிலுக்குள் பரப்ப வேண்டும். அதிகமாகத் தண்ணீர் ஊற்றினால் நாற்றழுகல் வரும். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு

5 சென்ட் குடில் என்பது ஏறக்குறைய 200 சதுர மீட்டர். நடைபாதைக்குப் பாதி போனாலும் 600 தட்டுகள் வைக்கலாம். 600 தட்டில் 58,800 குழிகள். நூற்றுக்குத் தொண்ணூறு தேறினால் 53,000 நாற்றுகள். நாற்றுக்கு 1 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 53,000 ரூபாய். விதை, நார்க்கழிவு, கூலி, தண்ணீர் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை வாங்குவது யார்? 90 செ.மீ.க்கு 60 செ.மீ. இடைவெளியில் தக்காளி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 7,500 நாற்று போதும். அப்படியானால் ஒரே தவணை நாற்றுக்கு 7 ஏக்கர் தக்காளி நடும் விவசாயிகள் உங்களுக்கு வேண்டும், அதுவும் ஒரே வாரத்தில். நாற்று என்பது கடையில் அடுக்கி வைக்கும் சரக்கு அல்ல. பருவம் தாண்டினால் குழிக்குள் வேர் சுருண்டு, தண்டு முற்றிவிடும். அதை யாரும் வாங்க மாட்டார்கள். பாதி மட்டுமே விற்றால் வரவு 26,500 ரூபாயாகக் குறையும், செலவோ குறையாது.

எனவே முதல் ஆண்டில் ஆர்டர் பெற்று, முன்பணம் வாங்கிய அளவுக்கு மட்டும் விதையுங்கள். விவசாயியே விதை வாங்கித் தந்து, வளர்ப்புக் கூலி மட்டும் கொடுக்கும் முறையும் உண்டு. வீரிய ஒட்டு விதையின் விலை அதிகம் என்பதால், இந்த முறையில் உங்கள் முதலீடு பெருமளவு குறையும். குடில் போடுவதற்கு முன்பே சுற்றியுள்ள 20 கிலோமீட்டருக்குள் யார் என்ன நடுகிறார்கள், எந்தப் பட்டத்தில் நடுகிறார்கள், இப்போது நாற்றை எங்கே வாங்குகிறார்கள் என்று நேரில் விசாரித்து எழுதி வையுங்கள்.

தண்ணீரைச் சோதியுங்கள்

நம் மக்கள் வாழும் ஊர்கள் பலவும் கடலோரத்தில் உள்ளன. அங்கே கிணற்று நீரில் உப்பு இருக்கலாம். இளம் நாற்று உப்பைத் தாங்காது. கழுவி மக்க வைக்காத நார்க்கழிவிலும் உப்பு உண்டு. இரண்டும் சேர்ந்தால் இலை ஓரம் கருகி நாற்று நின்றுவிடும். நிலம் பார்ப்பதற்கு முன் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து உப்பின் அளவைச் சோதித்துவிடுங்கள். கடலோரத்தில் புயலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா கடலோரத்தில் தென்னந்தோப்புகளையே சாய்த்தது. அப்படிப்பட்ட இடத்தில் உயரம் குறைந்த சட்டமும் விரைவில் கழற்றக்கூடிய வலையும் நல்லது.

உரிமமும் பயிற்சியும்

நாற்று விற்பதற்கு விதை ஆய்வுத் துறையின் உரிமம் தேவை. ரகம், விதைக் குவியல் எண், விற்ற தேதி ஆகியவற்றைப் பதிவு செய்து ரசீது கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் உள்ள காய்கறி மகத்துவ மையத்தையும் ஒருமுறை நேரில் பார்ப்பது பயன் தரும்.

மானியமும் வட்டியும்

தோட்டக்கலைத் துறை வழியாகக் குடிலுக்கு, அரசு நிர்ணயித்த செலவில் 50 சதவீதம் வரை மானியம் கிடைக்கிறது. "நிர்ணயித்த செலவு" என்பதைக் கவனியுங்கள். உங்கள் உண்மைச் செலவு அதைவிடக் கூடினால், கூடுதல் தொகை முழுதும் உங்களுடையது. பொதுவாகக் குடிலைக் கட்டி ஆய்வு முடிந்த பிறகே பணம் வரும். தேசிய தோட்டக்கலை வாரியத்தின் மானியம் வங்கிக் கடனோடு இணைந்தது. வட்டியைத் தவிர்க்க விரும்புவோர், கடன் கட்டாயமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

வெளிநாட்டிலுள்ள சகோதரர் பணம் போட, ஊரிலிருப்பவர் உழைக்கும் முளாரபா முறை இதற்குப் பொருந்தும். ஆனால் "மாதம் 10,000 ரூபாய் தருகிறேன்" என்று நிலையான தொகை பேசக் கூடாது. லாபத்தில் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதமாகப் பேச வேண்டும். அலட்சியம் இல்லாமல் நஷ்டம் வந்தால் அது பணம் போட்டவரைச் சேரும், உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும். இதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திடுங்கள். அண்ணன் தம்பிதானே என்று எழுதாமல் விட்டதால் உடைந்த குடும்பங்கள் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை.

விளைபொருள் ஜகாத்தில், மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று என்பது அளவு. காய்கறிக்கு இது உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நாற்று வியாபாரத்துக்கு எந்தக் கணக்கு என்பதையும் சேர்த்து உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு 5 சென்டில் தொடங்குங்கள். நாற்று வாங்கிய விவசாயி அடுத்த பட்டத்துக்கும் உங்களிடமே வந்தால் குடிலைப் பெரிதாக்குங்கள். வரவில்லை என்றால், என்ன குறை என்று அவரிடமே போய்க் கேளுங்கள். பல ஆண்டு உழைப்பின் சேமிப்பை ஒரே குடிலில் கொட்டாமல் இருந்தால், திருத்திக்கொள்ளக் கையில் பணமும் காலமும் மிச்சமிருக்கும், இன்ஷா அல்லாஹ்.