கட்டில் வேண்டாம் என்று சொன்ன சென்னை

1950-களின் தொடக்கத்தில் ஒருவருக்கு டி.பி. என்று உறுதியானதும், வசதியுள்ள குடும்பம் முதலில் தேடியது சானடோரியத்தில் ஒரு படுக்கையை. ஊருக்கு வெளியே, மரங்கள் சூழ்ந்த இடத்தில், காற்றோட்டமான நீண்ட வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள். பால், முட்டை, இறைச்சி. அசையாமல் படுத்திருக்கச் சொல்லும் டாக்டர். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த இந்த முறையை மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளாகக் கேள்வி கேட்காமல் பின்பற்றியது.

தாம்பரத்தில் அப்படியொரு சானடோரியத்தை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில் 1917-இல் நோயாளியாக இருந்தவர் கணிதமேதை ராமானுஜன். (ராமானுஜனுக்கு வந்தது டி.பி.தானா என்ற சந்தேகம் பின்னாளில் எழுந்தது. கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது ஒரு மருத்துவரின் வாதம். அது தனிக் கதை.) தாம்பரம் சானடோரியம் 1937-இல் அரசின் கைக்குப் போனது. இன்றும் மின்சார ரயில் பாதையில் அந்தப் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது.

மருந்தே இல்லாத காலத்தில் சானடோரியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ராபர்ட் கோக் 1882-இல் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். அதைக் கொல்லும் மருந்துக்கு உலகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது. 1944-இல் ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய அறிவிப்பு வந்தது. அடுத்து பாஸ் எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசினை முறைப்படி சோதித்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு வெளியானது 1948-இல். அதே 1948-இல்தான் புதுமைப்பித்தன் காசநோய்க்குப் பலியானார். வயது 42. மருந்து உலகத்துக்கு வந்துவிட்டது, ஆனால் எல்லோர் வீட்டு வாசலுக்கும் வந்து சேரவில்லை.

1952-இல் நிலைமை மாறியது. ஐசோனியாசிட் வந்தது. சின்ன மாத்திரை, மலிவு விலை, ஊசி தேவையில்லை. பாஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் கிருமிக்கு எதிர்ப்புத் திறன் வளர்வதும் குறையும். அப்போதுதான் ஒரு சங்கடமான கேள்வி தலைதூக்கியது. நோயைத் தீர்ப்பது மாத்திரை என்றால், கட்டில் எதற்கு?

இந்தியாவுக்கு இது ஏட்டளவுக் கேள்வி அல்ல. 1955-இல் தொடங்கிய தேசிய காசநோய் மாதிரிக் கணக்கெடுப்பு, அதை நகரத்து நோய் என்று நினைத்தவர்களின் வாயை அடைத்தது. கிராமங்களிலும் ஏறத்தாழ அதே அளவு நோய் இருந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சில ஆயிரங்களில். அத்தனை பேருக்கும் கட்டில் போட வேண்டும் என்றால் நாட்டின் மொத்தச் சுகாதாரப் பணமும் போதாது.

இந்தக் கேள்விக்கு விடை காணத்தான் 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் டியூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என நான்கு தரப்பும் சேர்ந்து ஐந்தாண்டுத் திட்டமாக அதை ஆரம்பித்தன. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். அவரோடு எஸ். தேவதத்தா, சி.வி. ராமகிருஷ்ணன், எஸ். வேலு, புள்ளியியல் வல்லுநர் எஸ். ராதாகிருஷ்ணா முதலியோர் இருந்தார்கள்.

சோதனையின் அமைப்பு எளிமையானது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். யார் சானடோரியம் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்ற முறையில் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிட்டும் பாஸும், ஒரே ஓராண்டு. வேறுபட்டது இருப்பிடம் மட்டுமே.

ஆனால் அந்த இருப்பிட வேறுபாடு சாதாரணமானதா? ஒரு பக்கம் காற்றோட்டம், ஓய்வு, வேளாவேளைக்குச் சத்தான சாப்பாடு, பக்கத்தில் நர்ஸ். மறுபக்கம் பல பேர் ஒன்றாகப் படுக்கும் சின்ன அறை, குறைந்த கூலி, அரை வயிற்றுச் சோறு. கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போயாக வேண்டிய கட்டாயம். பாஸ் மருந்தோ ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் விழுங்க வேண்டியது, வயிற்றைப் புரட்டும். இவர்கள் ஒரு வருடம் ஒழுங்காக மருந்து சாப்பிடுவார்கள் என்று நம்ப அன்றைய மருத்துவர்கள் பலர் தயாராக இல்லை.

நம்பாமல்தான் ஃபாக்ஸ் குழுவும் வேலை செய்தது. நோயாளி வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்க வேண்டும். வராவிட்டால் மையத்திலிருந்து ஆள் வீடு தேடிப் போவார். சுகாதாரப் பார்வையாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் கதவைத் தட்டுவார்கள், மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள், சிறுநீர் மாதிரி வாங்குவார்கள். பாஸ் உட்கொண்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் நிறம் மாறும், ஏமாற்ற முடியாது. நோயாளி ஊர் மாறினாலோ, மனம் தளர்ந்தாலோ, கணவன் வேண்டாமென்று தடுத்தாலோ, போய்ப் பேசிச் சமாதானம் செய்வதும் அவர்கள் வேலைதான்.

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். தொடக்கத்தில் வீட்டுத் தரப்பினரின் நோய் சற்றுத் தீவிரமாக இருந்ததையும் கணக்கில் எடுத்தால், இந்த இடைவெளிக்குப் பெரிய பொருள் இல்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் இருந்தன.

இன்னொரு பயம் இருந்தது. நோயாளியை வீட்டிலேயே வைத்தால் குழந்தைகளுக்குத் தொற்றாதா? குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் எக்ஸ்ரே எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் நோய் அதிகமாகவில்லை. காரணம் யோசித்தால் புரியும். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில், இருமிக்கொண்டே ஒரே அறையில் படுத்திருந்த நாட்களிலேயே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது. சிகிச்சை தொடங்கியபின் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது. நோயாளியைத் தனியாகப் பிரிப்பது பெரும்பாலும் காலம் கடந்த வேலை.

உணவைப் பற்றிய முடிவுதான் பலரை வாயடைக்க வைத்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் கூடியது. ஆனாலும் சளியில் கிருமி மறைவதில் அவர்கள் முந்தவில்லை. பாலும் முட்டையும் இல்லாதவருக்கும் மருந்து வேலை செய்தது.

உலகம் இதைக் கவனித்தது. சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு மருந்துகளே முதல் காரணம் என்றாலும், ஏழை நாடுகளுக்கு வேறு வழி உண்டு என்பதற்கான சான்றிதழ் சென்னையில் எழுதப்பட்டது. 1962-இல் இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாக வைத்தே தொடங்கியது.

இங்கேதான் கதை கோணலாகிறது. சென்னை ஆய்வில் இரண்டு பாதிகள் இருந்தன. கட்டில் தேவையில்லை என்பது ஒன்று. ஆனால் வீடு தேடிப் போகும் ஆள் தேவை என்பது மற்றொன்று. முதல் பாதி செலவைக் குறைப்பது, இரண்டாவது பாதி செலவு வைப்பது. அரசுகள் எதை எடுத்துக்கொண்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாதாமாதம் கவுண்டரில் மாத்திரைப் பொட்டலம் நீட்டப்பட்டது. அதை எத்தனை பேர் விழுங்கினார்கள் என்று பார்க்க ஆளில்லை. இருமல் நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடுவது மனித இயல்பு. 1992-இல் திட்டத்தை மறுபரிசீலனை செய்தபோது, சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை என்று தெரிந்தது. முப்பது ஆண்டுகள் அதற்குள் போய்விட்டன.

ஃபாக்ஸ் இந்த ஆபத்தை முன்பே பார்த்திருந்தார். தானாக மருந்து சாப்பிடுவதில் உள்ள சிக்கலைப் பற்றி 1958-லேயே எழுதினார். தினமும் கண்காணிக்க முடியாதென்றால், வாரம் இரண்டு முறை கண்ணெதிரே கொடுத்தால் என்ன என்று அதே சேத்துப்பட்டு மையம் சோதித்துப் பார்த்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிட்டும் வாரம் இருமுறை தரப்பட்டபோது, தினசரி மருந்துக்குச் சற்றும் குறையாத பலன் கிடைத்தது. முடிவு 1964-இல் வெளியானது. பின்னாளில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவிய, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறைக்கு இதுவும் ஒரு வேர். உலக சுகாதார நிறுவனம் 1993-இல் காசநோயை உலகளாவிய நெருக்கடியாக அறிவித்தது. இந்தியாவில் டாட்ஸ் 1997-இல் விரிவாகத் தொடங்கியது.

அதிலும் ஒரு திருப்பம். 1956-இல் பார்வையாளர் நோயாளியின் வீட்டுக்கு நடந்தார். டாட்ஸில் பெரும்பாலும் நோயாளி மையத்துக்கு நடந்தார், அன்றைய கூலியை இழந்து. கண்காணிப்பு என்ற சொல் இரண்டிலும் ஒன்றுதான். யாருடைய கால் வலித்தது என்பதில்தான் வேறுபாடு. 2017-இல் இந்தியா டாட்ஸில் இருந்த வாரம் மும்முறை மருந்தைக் கைவிட்டுத் தினசரிக் கூட்டு மாத்திரைக்கு மாறியது.

உணவின் கதையும் முடிந்துவிடவில்லை. 1959-இன் முடிவைப் படித்த பலர் சத்துணவு அவசியமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு சொன்னது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஒழுங்காக மருந்து சாப்பிட்டவரின் சளியில் கிருமி மறைவதைத்தான் அது அளந்தது. பசியால் எத்தனை பேர் இறக்கிறார்கள், நோயாளியின் வீட்டில் அடுத்து யார் விழுகிறார்கள் என்பதற்கு அந்த 193 பேரை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

அந்தக் கேள்வியை எழுப்பியது ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு. டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் 2019 முதல் 2022 வரை நடந்த அதில் சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. அது வேறு எதுவுமல்ல, 1956-இல் தொடங்கிய அந்தச் சேத்துப்பட்டு மையமேதான். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் மாதாந்திர உணவுப் பொட்டலம் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் தந்தார்கள்.

2023-இல் 'லான்செட்' இதழ்களில் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் குறைவு 48 சதவீதம். சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு. ஒரு தடுப்பூசி இவ்வளவு செய்திருந்தால் தலைப்புச் செய்தியாகியிருக்கும். அரிசி, பருப்பு என்பதால் உள்பக்கத்தோடு நின்றுபோனது.

கட்டிலும் திரும்பி வந்துவிட்டது, வேறு வேடத்தில். 2022-இல் தமிழக அரசு, சென்னையின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்பதைத் தொடங்கியது. நோய் உறுதியான உடனே சில எளிய சோதனைகள் செய்யப்படும். எடை அபாயகரமாகக் குறைவா, மூச்சு வாங்குகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? ஆய்வகம் வேண்டாம், எடை பார்க்கும் இயந்திரமும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதும். இந்தச் சோதனைகளில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் உடனே வார்டில் சேர்க்கிறார்கள். காசநோயில் இறப்பவர்கள் பெரும்பாலும் சிகிச்சையின் முதல் சில வாரங்களிலேயே இறக்கிறார்கள் என்பதுதான் இதன் அடிப்படை. அன்று எல்லோருக்கும் ஒரு வருடம் கட்டில் வேண்டும் என்றார்கள். இன்று வெகு சிலருக்கு, சில நாட்களுக்குத் தேவைப்படுகிறது. அந்தச் சில நாட்கள்தான் உயிரைப் பிடித்து வைக்கின்றன.

இந்தியாவில் இப்போதும் ஆண்டுக்குச் சுமார் 27 லட்சம் பேரைக் காசநோய் பிடிக்கிறது. உலக நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். ஒரு மாதமும் இரண்டு மாதமும் சிரப் குடித்துக் காலம் கடத்திவிட்டு, அதற்குப் பிறகு சளிப் பரிசோதனைக்கு வருபவர்கள் ஏராளம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் உணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும், கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒருவர் மருந்து சாப்பிடத் தொடங்கியிருந்தால், மற்றவர்களையும் அழைத்துப்போய் எடை பார்த்துப் பரிசோதித்துவிடுங்கள்.