வீட்டுக்குள் ஒரு குளம் – 3: அழுக்கு ஸ்பாஞ்சின் அருமை

போன வாரம் தொட்டி வாங்கியாயிற்று. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பிடித்த பழைய தொட்டியாக இருந்தாலும் சரி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒழுகலைப் பார்த்த பிறகு கூடத்துக்கு வந்திருக்கும். விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர். மணலும் சேர்ந்தால் எழுபது கிலோவைத் தொட்டுவிடும் என்பதால், ஆட்டம் காணும் ஸ்டூலை நம்ப வேண்டாம். அடியில் ஒரு தெர்மோகோல் அட்டை அவசியம்.

அடுத்ததாக எல்லோரும் செய்வது, கொளத்தூருக்கு வண்டியை விடுவது. சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான். கப்பி ஜோடி ஒரு டீ, வடை விலைக்குக் கிடைத்துவிடும். கடைக்காரர் பாலித்தீன் கவரில் கால்வாசி தண்ணீர் பிடித்து, வலையால் மீனை அள்ளிப் போட்டு, சிலிண்டர் குழாயை உள்ளே விட்டு ஆக்சிஜன் ஏற்றி, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுக்க அரை நிமிடம் போதும்.

“அண்ணே, இன்னைக்கே தொட்டியில விட்டுடலாம்ல?”

“தாராளமா விடுங்க சார்.”

விடலாம்தான். ஆனால், ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக மல்லாக்க மிதக்க ஆரம்பிக்கும். மறுபடியும் கொளத்தூர், மறுபடியும் கவர். மீன் விலை ஒன்றுமில்லை. போக வரப் பெட்ரோலையும், பயந்துபோய் வாங்குகிற நீலம், மஞ்சள் மருந்துப் பாட்டில்களையும் சேர்த்தால்தான் கணக்கு உதைக்கும்.

மீனைக் கொல்வது பெரும்பாலும் நோயல்ல, அம்மோனியா. மீன் செவுள் வழியாகவே அதை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அதுதான் வரும். குளத்தில் இதைத் தின்று தீர்க்க பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவுக்கு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் அதுவும் குறையும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இல்லை. குடியேறி நிலைக்க மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

அவை குடியேற ஒரு வீடு வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அதை ஓட்ட ஒரு சின்ன ஏர் மோட்டாரும் போதும். இருப்பதிலேயே மலிவான ஏற்பாடும் இதுதான். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் குழாய் வழியே தண்ணீர் பின்வாங்கி மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

தண்ணீர் எதுவானாலும் கேன் தண்ணீர் மட்டும் வேண்டாம். காசு கொடுத்து ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி ஊற்றுகிற நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். அதில் தாது உப்புகள் மிகக் குறைவு. கப்பிக்கும் மோலிக்கும் நாம் முகம் சுளிக்கிற போர் தண்ணீரே பிடிக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் போட்டிருந்தால், அது மீனையும் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். அவசரமென்றால் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து இருக்கிறது.

பிறகு, மீனே இல்லாத தொட்டிக்குத் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தீனி அழுகி அம்மோனியா வந்தால்தான் பாக்டீரியாவுக்குச் சோறு. இந்த வாரங்களைச் சுருக்கவும் ஒரு வழி உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். கடையிலேயே விலை மதிப்புள்ள சரக்கு அந்த அழுக்கு ஸ்பாஞ்ச்தான். அதற்கு யாரும் விலை போட்டு வைப்பதில்லை. ஆனால், மீன் செத்துக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து எடுத்தால் நோயும் கூடவே வரும். அதனால்தான் கடையைவிட மீன் வளர்க்கிற நண்பர் வீடு மேல். பிறகு ஸ்பாஞ்சைக் கழுவும்போதும் குழாயடியில் கசக்காமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழியுங்கள்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகு ஐந்தாறு கப்பி. ஆணாகவே எடுத்தால் மாதா மாதம் குட்டிகளை என்ன செய்வது என்ற தலைவலி இல்லை. கோல்ட் ஃபிஷ் வேண்டாம். வளர்ந்தால் இந்தத் தொட்டி போதாது, அழுக்கும் அதிகம். ‘பாசியைத் தின்னும்’ என்று தலையில் கட்டப் பார்க்கும் சக்கர் மீனும் வேண்டவே வேண்டாம். விரல் நீளத்தில் வந்து ஓரடிக்கு மேல் வளரும். சமாளிக்க முடியாமல் ஏரியில் விட்டவர்கள் புண்ணியத்தில் அங்கே வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

கவரைப் பிரிக்காமல் பதினைந்து நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் சாக்கடைக்கு. அன்று தீனி கிடையாது. மறுநாளிலிருந்து எவ்வளவு, எத்தனை வேளை என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)